ஜனக்புரியிலிருந்து சாவ்லா கரைக்கு

பங்கா ரோட்டைத் தாண்டுவதுதான் இந்தப் பயணத்தின் கடினமான பகுதி. அதைத் தாண்டிவிட்டால் மீதி நாற்பது கிலோமீட்டரும் எளிது. ஜனக்புரிக்குத் தெற்கு எல்லையாக ஓடும் இந்தச் சாலையில் விடியற்காலையிலேயே உத்தம் நகர் பக்கமிருந்து இ-ரிக்‌ஷாக்கள் வரத் தொடங்கிவிடும். ஆசாத்பூர் மண்டிக்குப் போய்த் திரும்பும் காய்கறி டெம்போக்கள் நிற்காமல் ஓடும். சிக்னல் அந்த நேரத்தில் மஞ்சளில் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். யார் முதலில் போவது என்பதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் நாங்கள் கடப்போம். நாங்கள் என்றால் நானும் அக்காவும். அக்காவுக்கு நாங்குநேரிப் பக்கம். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என் ஊர் புதுக்கோட்டை மாவட்டம். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று ஜனக்புரியில் இருக்கிறது. அதன் வாசலில் சந்தித்து அங்கிருந்து கிளம்புவது எங்கள் வழக்கம்.

பிப்ரவரி மாதம் டெல்லியில் சைக்கிளுக்கு ஏற்ற காலம். நவம்பரில் காற்றை நம்ப முடியாது, புகைமூட்டம் நெஞ்சில் இறங்கும். ஜனவரியில் மூடுபனி, பத்தடிக்கு அப்பால் இருப்பது லாரியா மரமா என்று தெரியாது. மே மாதம் எட்டு மணிக்கே வெயில் அடித்துப் போட்டுவிடும். பிப்ரவரி நடுவிலிருந்து ஹோலி வரைக்கும் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது. அதைத் தவறவிடக் கூடாது.

விடியற்காலையில் பங்கா ரோட்டில் சைக்கிளில் போகிறவர்கள் யார் என்று பாருங்கள். இரவுப் பணி முடிந்து திரும்பும் காவலாளி, ஹேண்டில்பாரில் டிபன்பாக்ஸ் தொங்கவிட்டிருப்பார். பின் கேரியரில் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டியவர். வயர் சுருளைத் தோளில் மாட்டிய எலெக்ட்ரீஷியன். கொத்தனார், சித்தாள், தோட்டக்காரர். அவர்கள் ஓட்டுவது கறுப்பு நிற இருபத்திரண்டு இஞ்ச் சைக்கிள். அட்லஸ், ஹீரோ, ஏவன். தலைக்கவசமோ கியரோ பளபளக்கும் ஜெர்சியோ கிடையாது. முதுகெலும்பு நிமிர்ந்து, ஒரே சீரான மிதியில், சாலையின் இடது ஓரத்தை ஒட்டி அவர்கள் போகும் விதத்தில் ஒரு தேர்ச்சி இருக்கிறது. முப்பது வருஷம் தினமும் ஓட்டியவருக்கே அது வரும்.

சைக்கிளுக்குத் திரும்பி வருகிற எங்களைப் போன்றவர்கள் இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த ஊரில் சைக்கிள் ஒருபோதும் போய்விடவில்லை. நாம்தான் போயிருந்தோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியக் குடும்பங்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தின் வீட்டில் சைக்கிள் இருந்தது. ஸ்கூட்டர், கார் என்று ஏறிப்போன நடுத்தர வர்க்கம் இப்போது மூட்டு வலிக்கும் சர்க்கரைக்கும் மருந்தாக அதைத் தேடி வருகிறது. பாதையில் நாம் விருந்தாளிகள். வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள்.

அட்லஸ் என்ற பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். 1951-ல் இதே டெல்லிக்குப் பக்கத்தில், ஹரியானாவின் சோனிபட்டில் தொடங்கிய கம்பெனி. அதன் கடைசிப் பெரிய ஆலை சாஹிபாபாதில் இருந்தது. அது உற்பத்தியை நிறுத்திய நாள் 2020 ஜூன் 3. உலக சைக்கிள் தினம். ஊரடங்கு காலத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஊர் திரும்பச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் அவர்களுக்குச் சைக்கிள் செய்து கொடுத்த ஆலை மூடப்பட்டது. அந்த வண்டிகள் மட்டும் இன்னும் பங்கா ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நான் சைக்கிள் கற்றது ஹெர்குலஸில். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்தது, ஊரில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். குரங்குப் பெடல் போட்டுப் பழகி, பிறகு சீட்டில் ஏறினேன். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று முடிவு செய்தார். வங்கிகள் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கக் கடன் கொடுத்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அந்த வருஷங்களில் சைக்கிள் கற்றார்கள் என்பது இந்திய எழுத்தறிவு வரலாற்றில் பெரிய செய்தி. எனக்கு அது வீட்டுச் செய்தி. என் அத்தை, சித்தி, கல் குவாரியில் வேலை செய்த பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் மாலையில் பள்ளி மைதானத்துக்கு வந்து நின்றார்கள். லேடீஸ் சைக்கிள் எல்லோருக்கும் போதவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள்; அதன் குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிய பள்ளி மாணவிகளில் நானும் ஒருத்தி. கல்யாணமாகி டெல்லி வந்த பிறகு மிதிக்கவே இல்லை. கேட்டால் சாலை சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண் ஜனக்புரித் தெருவில் சைக்கிளில் போனால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம். என் அத்தைக்கு அந்த மைதானத்தில் இல்லாத கூச்சம்.

உடம்பு மறக்காது என்பார்கள். மறுபடி ஏறியபோது சமநிலையை அது மறந்திருக்கவில்லை, சரிதான். மற்ற எல்லாவற்றையும் மறந்திருந்தது. முதலில் சீட்டின் உயரம். கால் தரையில் முழுசாகப் பதிய வேண்டும் என்ற பயத்தில் பலர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஓட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அதிகமாக மடங்கி வலி எடுக்கும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த அளவுதான் சரி. அடுத்தது கியர். பெரிய கியரைப் போட்டு அழுத்தி மிதிப்பதைவிடச் சின்ன கியரில் வேகமாகச் சுற்றுவது முட்டிக்கு நல்லது. மூன்றாவது காற்று. டியூபில் காற்று குறைந்தால் உழைப்பு இரட்டிப்பாகும், சின்னக் கல்லில் ஏறினாலே பஞ்சர். எங்கள் பிளாக் முனையில், வேப்ப மரத்தடியில் தண்ணீர்த் தொட்டியும் கைப்பம்பும் வைத்து உட்கார்ந்திருக்கும் பஞ்சர் கடைக்காரர் டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார்.

ஜனக்புரி 1970-களில் டெல்லி வளர்ச்சிக் குழுமம் உருவாக்கிய குடியிருப்பு. ஏ, பி, சி, டி என்று பிளாக்குகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே பூங்கா, உள்தெருக்கள். பழகுவதற்கு இந்த உள்தெருக்கள் நல்ல இடம். பூங்காக்களில் பெரும்பாலும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. காலையில் அங்கே நடப்பவர்களைப் பார்த்த பிறகு வருத்தம் போய்விட்டது. அறுவைசிகிச்சை முடிந்து வாக்கர் பிடித்து நடப்பவர், பேரனின் கை பிடித்து வரும் தாத்தா, காதில் கருவி வைத்த பாட்டி. அந்த நாலடி அகலப் பாதை அவர்களுக்கே போதவில்லை. சைக்கிளுக்கு வேறு இடம் வேண்டும் என்று கேட்பது நியாயம். இவர்களிடமிருந்து பிடுங்கிக் கேட்பது நியாயமில்லை.

ஆகவே பங்கா ரோட்டைத் தாண்டி டாப்ரி வழியாகத் தெற்கே போகிறோம். பாலம்–டாப்ரி சாலையில் மகாவீர் என்கிளேவ் அருகே, சுலப் நிறுவனம் 1992-ல் அமைத்த கழிப்பறை அருங்காட்சியகம் இருக்கிறது. உலகம் முழுவதும் கழிப்பறை எப்படி வளர்ந்தது என்பதைக் காட்டும் இடம். பிந்தேஷ்வர் பாடக் என்ற ஒரு மனிதரின் பிடிவாதத்தில் உருவானது. அதைத் தாண்டும்போதெல்லாம் அக்கா ஒரே விஷயத்தைச் சொல்வார்: “பொம்பளைங்க ஏன் தூரமா சைக்கிள்ல போறதில்லைன்னு ஆராய்ச்சி பண்றாங்கல்லா? இதான் காரணம், வேற ஒண்ணும் இல்ல.” உண்மை. டெல்லியில் சைக்கிள் பாதை பற்றிய பேச்சு எல்லாம் பாதையின் அகலத்தையும் அதன் நிறத்தையும் சுற்றியே இருக்கிறது. பெண்கள் மூன்று மணி நேரம் வெளியே இருந்தால் எங்கே ஒதுங்குவது என்பதைப் பற்றி எந்தத் திட்டமும் பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் வழியில் இருக்கும் பெட்ரோல் பங்க்குகளையும் மெட்ரோ நிலையங்களையும் கணக்குப் பண்ணித்தான் பாதையையே முடிவு செய்கிறோம்.

துவாரகா வந்ததும் சாலை அகலமாகிறது. பாப்பன்கலான் என்ற பழைய பெயர் கொண்ட இந்தத் துணைநகரத்தில் சில பெரிய சாலைகளின் ஓரம் சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். டெல்லியில் இது அரிது. போட்டவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் அதில் தொடர்ந்து ஒரு கிலோமீட்டர் மிதிப்பது கடினம். ஓரிடத்தில் கார் நிற்கும். ஓரிடத்தில் இளநீர் வண்டி. எதிர்த் திசையில் மோட்டார் சைக்கிள். சந்திப்பு வந்தால் பாதை திடீரென்று முடிந்து, உயரமான கல்விளிம்பில் இறக்கிவிடும். நடப்பவர்களும் அதில்தான் நடக்கிறார்கள். ஏன் என்று ஒருநாள் கவனித்துப் பார்த்தேன்: நடைபாதையின் ஓடுகள் பெயர்ந்திருந்தன, சைக்கிள் பாதை சமதளமாக இருந்தது, அதன்மேல் மர நிழல் இருந்தது. அவர்கள் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நடப்பார்கள்.

டெல்லி இதற்கு முன்பும் ஒருமுறை முயன்றது. அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் தூரத்துக்கு 2008-ல் பேருந்துத் தனிவழி திறந்தார்கள். ஐஐடி டெல்லியின் ஆய்வாளர்கள் யோசித்து வடிவமைத்த அந்தச் சாலையில் சைக்கிளுக்கும் நடைக்கும் தனித்தனிப் பாதை உண்டு. காரில் வருபவர்கள் நெரிசல் என்று கொதித்தார்கள். செய்தித்தாள்களில் எதிர்ப்பு, நீதிமன்றத்தில் வழக்கு, கடைசியில் 2016-ல் இடித்தே விட்டார்கள். அந்தச் சாலையில் பேருந்திலும் சைக்கிளிலும் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களின் குரல் எங்கும் கேட்கவில்லை. பங்கா ரோட்டில் பால் கேனோடு போகிறவருக்கு ஆங்கிலப் பத்திரிகையில் கடிதம் எழுத நேரம் எங்கே இருக்கிறது?

துவாரகாவின் மேற்கு விளிம்பைக் கடந்தால் காற்றின் வாசனை மாறும். சாணமும் வைக்கோலும். கோய்லா டெய்ரி. டெல்லிக்குள்ளிருந்த மாட்டுத் தொழுவங்களை வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்திய பால் காலனிகளில் இது ஒன்று. எருமைகள், புண்ணாக்கு மூட்டைகள், சேறு. இங்கே இறங்கி உருட்ட வேண்டும். சாவ்லா பாலம் வந்ததும் வலது புறம், இடது புறம் என்று இரண்டு கரைகள் பிரியும். ஜனக்புரியிலிருந்து இதுவரை சுமார் 15 கிலோமீட்டர். இங்கிருந்து தென்மேற்காக, ஜடீக்ரா பக்கம் போகும் கரைமேல் ஏறினால் நகரம் முடிந்துவிடுகிறது.

பாலத்துக்குக் கீழே ஓடும் இந்த நீருக்கு அரசுக் கோப்பில் நஜஃப்கர் வடிகால் என்று பெயர். தான்சா முதல் வஜீராபாத் வரை 57 கிலோமீட்டர். யமுனையில் கலக்கும் கழிவில் பெரும்பங்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இதுவே. விகாஸ்புரி, கேஷோபூர் பக்கம் பார்த்தவர்களுக்கு இது கறுப்பாக நுரைக்கும் சாக்கடை. ஆனால் இதன் பிறப்பு வேறு. ராஜஸ்தானின் ஆரவல்லி மலையில் தோன்றி ஹரியானா வழியாக வரும் சாஹிபி ஆறு இது. மழைக்காலத்தில் வரும் வெள்ளம் டெல்லி எல்லையில் தேங்கி நஜஃப்கர் ஏரியாக விரிந்து கிடந்தது. ஏரியை வடித்து நிலமாக்க வாய்க்காலை வெட்டினார்கள்; பிறகு ஆழப்படுத்தினார்கள், அகலப்படுத்தினார்கள். வெட்டிய மண் இரண்டு பக்கமும் கரையாக உயர்ந்தது. நாங்கள் மிதித்துக்கொண்டிருக்கும் பாதை அந்த மண்.

வரலாறும் இந்தக் கரையில் நடந்திருக்கிறது. நஜஃப்கர் என்ற பெயர் முகலாயத் தளபதி மிர்ஸா நஜஃப் கானிடமிருந்து வந்தது. 1857 ஆகஸ்ட் 25-ல் பிரிட்டிஷ் தளபதி நிக்கல்சனின் படை மழைச் சேற்றில் இழுபட்டு வந்து கிளர்ச்சிப் படையோடு இந்த நீர்நிலையின் ஓரத்தில்தான் மோதியது. மழைக்குப் பின் இந்தக் களிமண்ணில் ஒருமுறை சைக்கிளைத் தள்ளிப் பார்த்தால், பீரங்கிகளை எப்படித்தான் இழுத்தார்களோ என்று தோன்றும்.

கரை சில இடங்களில் தார், சில இடங்களில் வெறும் மண். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். ராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் பார்த்துப் பார்த்துச் சலித்த அதே மரம், இங்கே விலாயதி கீக்கர். அதன் முள் டயருக்கு எமன். உதிரி டியூபும், டயர் கழற்றும் கட்டைகளும், சின்னப் பம்பும் இல்லாமல் யாரும் இங்கே வரக் கூடாது. கீழே ஒரு பக்கம் கோதுமை பச்சையாக நிற்கிறது, இன்னொரு பக்கம் கடுகு மஞ்சளாக. கோதுமைக்கு நடுவே நீலகாய் தலை தூக்கிப் பார்க்கும். மயில்கள் பாதையின் நடுவில் நிற்கும். மணியடித்தாலும் அவை அவசரப்படுவதில்லை.

கரையின் அகலம் பன்னிரண்டு அடி இருக்கலாம். அதில் போகிறவர்களைப் பாருங்கள்: தீவனம் ஏற்றிய டிராக்டர். நாற்பது எருமைகளை ஓட்டிப் போகும் கிழவர். தலையில் விறகுக் கட்டோடு வரிசையாக வரும் பெண்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். ராணுவத்துக்கோ போலீஸுக்கோ சேர ஓட்டப் பயிற்சி செய்யும் இளைஞர்கள். இந்தக் கிராமங்களில் அது ஒரு தலைமுறைக் கனவு, சாவ்லாவில் எல்லைப் பாதுகாப்புப் படையின் முகாமும் இருக்கிறது. தொலைநோக்கியோடு பறவை பார்க்க வந்தவர்கள். துவாரகாவிலிருந்து கூட்டமாக வரும் சைக்கிள் குழுக்கள். அப்புறம் நாங்கள். பலகை இல்லை, கோடு இல்லை, காவலர் இல்லை. ஆனாலும் இந்தப் பாதை துவாரகாவின் சைக்கிள் பாதையைவிட நன்றாக நடக்கிறது. ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இங்கே எருமையின் வேகமே பாதையின் வேகம். மெதுவாகப் போகிறவரை மீறிக்கொண்டு யாரும் போக முடியாது; அவர் ஒதுங்கும்வரை காத்திருந்தே ஆக வேண்டும்.

முதல் தடவை எருமைக் கூட்டம் எதிரே வந்தபோது நான் நடுவில் புகுந்து போகலாமா என்று பார்த்தேன். கிழவர் கோலைக் குறுக்கே நீட்டினார். “ஆராம் ஸே, பேட்டி” என்றார். நிதானமாகப் போ, மகளே. இறங்கி, சைக்கிளைச் சரிவுப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வோர் எருமையும் என்னை முகர்ந்துவிட்டுப் போயிற்று. கடைசிக் கன்று தாண்டியதும் கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றிலிருந்து எருமைகளைத் தூரத்தில் பார்க்கும்போதே இறங்கிவிடுகிறோம்.

பகிர்ந்துகொள்ளும் பாதைக்குச் சில நடைமுறைகள் உண்டு. நடப்பவரின் குதிகாலுக்கு வந்து மணியடிப்பது அவரைத் திடுக்கிட வைக்கும்; அவர் எந்தப் பக்கம் துள்ளுவார் என்று தெரியாது. முப்பது அடிக்கு முன்பே ஒரு முறை, நெருங்கியதும் மெதுவாக இன்னொரு முறை. காதில் இயர்போன் இருந்தால் மணியை நம்பாமல், “பாயி சாப், வலது பக்கம் வருகிறேன்” என்று அவர் மொழியில் வாயால் சொல்ல வேண்டும். தாண்டும்போது நடை வேகத்துக்கு இறங்க வேண்டும். குழந்தை நேராகப் போகும் என்று ஒருபோதும் எதிர்பார்க்கக் கூடாது. நாய்க் கூட்டம் துரத்தினால் வேகம் கூட்டாமல் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் நமக்கும் நடுவில் வைத்து நடக்க வேண்டும். பெரும்பாலும் அத்தோடு அவை விட்டுவிடும். விறகுக் கட்டோடு வருகிற பெண்ணுக்கு எப்போதும் நாம்தான் ஒதுங்க வேண்டும். அவள் கழுத்தைத் திருப்ப முடியாது.

இப்படிப்பட்ட பாதைகள் உலகத்தில் வேறு இடங்களிலும் உண்டு. இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கும் பாத் நகரத்துக்கும் இடையே கைவிடப்பட்ட ரயில் பாதையை 1979 முதல் 1986 வரை தொண்டர்கள் சேர்ந்து நடைக்கும் சைக்கிளுக்கும் பொதுப் பாதையாக்கினார்கள். சுமார் 21 கிலோமீட்டர். அங்கேயும் வேகமாக ஓட்டுகிறவர்களுக்கும் நடக்கிறவர்களுக்கும் சண்டை உண்டு. நெதர்லாந்தில் சில தெருக்களைச் சைக்கிள் தெரு என்று அறிவித்து, கார் இங்கே விருந்தாளி என்று பலகை வைத்திருக்கிறார்கள். நஜஃப்கர் கரைக்கு அந்தப் பலகையைக் கொண்டுவந்தால், விருந்தாளிப் பட்டியலில் எங்களையும் சேர்க்க வேண்டும். எருமை ஓட்டுகிறவரும் விறகுப் பெண்களும் அந்தப் பட்டியலில் வர மாட்டார்கள்.

ஜடீக்ராவைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஏரியின் மிச்சம் தெரியத் தொடங்கும். டெல்லி–ஹரியானா எல்லையில், குருகிராமின் உயரமான கட்டடங்கள் அடிவானத்தில் நிற்க, அவற்றுக்கு முன்னால் விரிந்து கிடக்கும் தண்ணீர். பாதஷாபூர் ஓடை வழியாகக் குருகிராமின் கழிவுநீரும் இந்த வடிகாலுக்குத்தான் வருகிறது. தண்ணீர் சுத்தம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் பறவைகள் வருகின்றன. பூநாரைகள், நெடுங்கால் உள்ளான்கள், சங்குவளை நாரைகள், நாணலுக்குள் நீலத்தாழைக்கோழிகள். இதை ஈரநிலமாக அறிவித்துக் காக்க வேண்டும் என்று இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. இரண்டு மாநிலங்களின் எல்லைக்கோடு ஏரியின் நடுவே ஓடுவதால் அந்த வேலை இழுபறியாகவே நடக்கிறது.

அன்று அக்கா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று பிரேக் போட்டார்.

“ஏளா, இங்க வா. இது யாருன்னு தெரியுதா?”

தண்ணீரோரப் புல்லில் சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைத் தலை, பின்மண்டையில் இரண்டு கறுப்புப் பட்டை.

“வரித்தலை வாத்துல்லா. எங்க கூந்தன்குளத்துக்கு வருமே, அதுதான்.”

அக்காவின் அம்மா வழி ஊர் கூந்தன்குளத்துக்குப் பக்கம். குளிர்காலத்தில் அங்கே வந்து இறங்கும் இந்த வாத்துகளைச் சிறு வயதிலிருந்து பார்த்தவர். மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயத்தைத் தாண்டிப் பறப்பவை இவை. பறவைகளில் இவ்வளவு உயரத்தில் பறப்பவை குறைவு. ஒரு பகுதி வடக்கிலேயே தங்கிவிடும். இன்னொரு பகுதி நெல்லை வரை போகும். ஜனக்புரியில் இத்தனை வருஷம் இருந்தும், வீட்டிலிருந்து சைக்கிளில் வந்து பார்க்கிற தூரத்தில் இவை இருப்பது தனக்குத் தெரியாது என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். காரில் வந்திருந்தால் இந்தக் கரையில் ஏறியிருக்கவே மாட்டோம். நடந்து வர முடியாத தூரம். இதற்கென்றே ஏற்பட்ட வண்டி சைக்கிள்தான்.

கொண்டுவந்த இட்லியை மிளகாய்ப்பொடியோடு அங்கே உட்கார்ந்து சாப்பிட்டோம். பறவை பார்க்க வந்திருந்த இரண்டு கல்லூரிப் பையன்கள் தொலைநோக்கியைக் கொடுத்தார்கள். நாங்கள் இட்லி கொடுத்தோம். ஓட்டப் பயிற்சி செய்த இளைஞர்களில் ஒருவன் நின்று, இவ்வளவு தூரம் சைக்கிளிலா வந்தீர்கள் என்று கேட்டான். ஆமாம் என்றதும், தன் அம்மாவுக்குச் சைக்கிள் தெரியாது, கற்றுக்கொள்ள இந்த வயதில் முடியுமா என்று கேட்டான். புதுக்கோட்டையில் என் அத்தை கற்றபோது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது என்று சொன்னேன். யார் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியது என்றான். பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான், நீயும் ஓடலாம், தினமும் ஓடத்தானே செய்கிறாய் என்றேன். சிரித்துக்கொண்டே போனான். அவன் செய்வான் என்றே நினைக்கிறேன்.

திரும்பும் வழியில் அக்காவிடம் ஒரு கவலையைச் சொன்னேன். இந்த வடிகாலின் இரண்டு கரைகளிலும் இருவழிச் சாலை போடும் திட்டத்தை டெல்லி அரசு அறிவித்திருக்கிறது. நஜஃப்கர் பகுதியின் நெரிசலைக் குறைக்க அது தேவை என்கிறார்கள். அந்த நெரிசலில் தினமும் மாட்டிக்கொள்கிற கிராமத்துக்காரர்களுக்கு அது தேவைதான். வாத்து பார்க்க வருகிற நான் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கலாம். சாலையை ஒட்டி, காரும் மோட்டார் சைக்கிளும் ஏற முடியாதபடி இடைவெளியில் கல் நட்டு, நடைக்கும் சைக்கிளுக்கும் மாட்டுக்கும் ஆறேழு அடி மண்பாதையை விட்டுவைக்க வேண்டும். அது சந்திப்புகளில் அறுந்துபோகாமல் பாலத்துக்கு அடியிலேயே தொடர்ந்து போக வேண்டும். வடிகால் விகாஸ்புரி வழியாகத்தானே போகிறது. அப்படி ஒரு பாதை இருந்தால் ஜனக்புரியிலிருந்து பங்கா ரோடே இல்லாமல் இந்த ஏரிக்கு வரலாம். கோய்லாவிலிருந்து பால் கேனோடு வருகிறவரும் லாரிக்குப் பயப்படாமல் போகலாம். அவருக்குப் பயன்படுகிற பாதையாக இருந்தால் எனக்கும் பயன்படும். எனக்கு மட்டும் பயன்படுகிற பாதையாகப் போட்டால் இரண்டு வருஷத்தில் அதன்மேல் கார் நிற்கும். “எழுதிப் போடு” என்றார் அக்கா. எழுதியிருக்கிறேன், சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு இந்தியிலும் ஒரு கடிதம் அனுப்பியாயிற்று. பஞ்சர் கடைக்காரரும் பள்ளி வாசலில் காலையில் நிற்கும் பெற்றோர் சிலரும் கையெழுத்துப் போட்டார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஏழு மணிக்குள் சாவ்லா பாலத்தில் இருந்தால் நல்லது, வெயில் ஏறும்முன் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். தனியாகப் போக வேண்டாம். ஆள் நடமாட்டம் இல்லாத நீண்ட பகுதிகள் உண்டு, போகும் வழியை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். குடிக்கத் தண்ணீர் கரையில் எங்கும் கிடைக்காது. வாத்துகள் மார்ச்சில் வடக்கே கிளம்பிவிடும். ஏப்ரலில் கோதுமை அறுவடை, கரை முழுக்க டிராக்டராக இருக்கும். நானும் அக்காவும் ஹோலிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தான்சா மதகு வரைக்கும் போவதாக இருக்கிறோம். கூட வருகிறவர்கள் ஐந்தரை மணிக்குப் பள்ளி வாசலுக்கு வந்துவிடலாம். மணி வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு வாருங்கள்.